கூரைக்குக் கீழே ஒரு கூடாரம்

ஐரோப்பாவின் வடபுலத்தில், குறிப்பாக ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களிலும் நார்வே, சுவீடன் நாடுகளின் ஊசியிலைக் காடுகளிலும், இலையுதிர்காலப் புயல்மழையில் மிதிவண்டியில் மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு புறப்பட்டு, ஆளரவமற்ற இடத்தில் கூடாரமடித்து, காற்று அதைப் பிடுங்கிவிடாதபடி இரவெல்லாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விழித்திருந்து, காலையில் ஈரக் காலுறையை மறுபடியும் மாட்டிக்கொண்டு மேலே செல்வதை ஓய்வு என்று கருதும் மரபொன்று நெடுங்காலமாக உண்டு. அம்மரபு இப்போது கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலை, அதாவது சென்னையிலிருந்து தெற்கே செல்வதும் மக்கள் வாயில் ஜி.எஸ்.டி. ரோடு என்று வழங்குவதுமான நெடுஞ்சாலையை வந்தடைந்து, கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்குளத்தூருக்கும் இடையிலுள்ள பொத்தேரியிலும் ஆங்காங்கே தென்படத் தொடங்கியிருக்கிறது. மாணவர் விடுதிகளும் பிரியாணிக் கடைகளும் நெருங்கி நிற்கும் அவ்வூரில், ஐப்பசி மாதத்து விடியற்காலையில், பின்னிருக்கையில் கூடாரச் சுருளைக் கட்டிய மிதிவண்டியோடு டீக்கடை வாசலில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவரை இக்கட்டுரை ‘மழைக்காலக் கூடாரவாசி’ என்று குறிக்கும். அவருடைய வாழிடம், உடை, வாகனம், அவருக்கு நேரும் இடையூறுகள், இறுதியில் அவர் எங்கே படுத்துறங்குகிறார் என்னும் வினா ஆகியவற்றை வரிசையாக ஆராயும்.

முதலில் இடம். நார்வேயில் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டமும், பிறருக்குச் சொந்தமான திறந்தவெளி நிலத்திலும் தீங்கு செய்யாமல் நடக்கவும் தங்கவும் எவருக்கும் உரிமை அளிக்கின்றன. செங்கல்பட்டு மாவட்டத்தில் அத்தகைய சட்டம் இல்லை. வண்டலூர்ப் பக்கத்துக் குன்றுகள் காப்புக்காடுகள், அதாவது வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாதவை என்பதால் அங்கே கூடாரமடிக்க முடியாது. வயலில் அடித்தால் நெல் இருக்கும், ஏரியில் அடித்தால் தண்ணீர் இருக்கும். எஞ்சியிருக்கும் மேடான, சமதளமான, மரமற்ற வெளி யாவும் வீட்டுமனைப் பிரிவுகளாக அளக்கப்பட்டு, மஞ்சள் வண்ணம் பூசிய எல்லைக் கற்களோடும், பிறந்த ஊரின் பெயரையோ பேத்தியின் பெயரையோ தாங்கிய வளைவுகளோடும் காட்சியளிக்கின்றன. அவற்றுள் ஒன்றில் கூடாரத்தை விரிக்கும் கூடாரவாசியை நோக்கிக் காவலாளி கேட்கும் முதல் கேள்வி, “அட்வான்ஸ் குடுத்தாச்சா சார்?” என்பதாகவே இருக்கும், ஒரே ஒரு ராத்திரிக்குத்தான் என்று சொல்லப்படும் விடை, அவருக்குப் பெரும் ஐயத்தையே உண்டாக்கும்.

அடுத்தது காலம். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை, அதாவது சராசரியாக 44 சென்டிமீட்டரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே தருகிறது. கடலோர மாவட்டங்களின் பங்கு இதனினும் கூடுதல். வானிலை ஆய்வு மையம் ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழையைக் கனமழை என்றும், 115.6க்கு மேற்பட்டதை மிகக் கனமழை என்றும், 204.4ஐத் தாண்டியதை அதிகனமழை என்றும் வகைப்படுத்துகிறது. இப்பகுப்பு பொதுமக்களுக்கு எச்சரிக்கையாகவும், பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை அறிவிப்பாகவும், கூடாரவாசிக்கு அழைப்பிதழாகவும் பயன்படுகிறது. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள், நெடுந்தொலைவிலுள்ள அபாயத்தைக் குறிக்கும் ஒன்றாம் எண்ணில் தொடங்கிப் பதினொன்றாம் எண்ணில் முடிகின்றன. பத்து வரையிலான எண்கள் புயலைப் பற்றியவை, பதினொன்றாம் எண்ணோ எச்சரிக்கை மையத்தோடு இருந்த தொடர்பே அறுந்துவிட்டது என்பதைத் தெரிவிப்பது. கூடாரவாசியின் வீட்டார் நோக்கில், அவர் தம் கைப்பேசியை நெகிழிப் பைக்குள் சுற்றி மூட்டையின் அடியில் வைத்த கணத்திலேயே பதினொன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டுவிடுகிறது.

கூடாரத்தின் தரம் ‘நீர்த்தம்ப அளவு’ என்னும் எண்ணால் குறிக்கப்படுகிறது. கூடாரத் துணியை ஒரு குழாயின் வாயில் இறுகக் கட்டி, மேலே நீரைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போகும்போது, எவ்வளவு உயரத்தில் துணியில் முதல் துளிகள் கசிகின்றனவோ அந்த உயரமே அந்த எண். நல்ல கூடாரம் 3,000 மில்லிமீட்டர், அதாவது மூன்று மீட்டர் உயர நீரைத் தாங்கும் என்று பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். 2015 டிசம்பர் 1ஆம் நாள் தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர் என்பதால், அத்தகைய நாள்கள் ஆறு அடுத்தடுத்து வந்தாலும் இக்கூடாரம் தாக்குப்பிடிக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டலாம். கணக்கில் பிழையில்லை, பெய்த நீர் முழுவதும் கூரையின் மேலேயே அடக்கமாக நின்றுகொண்டிருக்கும் என்னும் அனுமானத்தில்தான் சிறு குறை இருக்கிறது. ஏரி மாவட்டம் என்றே பெயரெடுத்த இந்நிலத்தில் ஓர் ஏரி நிறைந்தால் அதன் உபரிநீர் கலங்கல் வழியாக, அதாவது கரையின் ஒரு பக்கத்தில் தாழ்வாகக் கட்டப்பட்ட கல்சுவரின் மேலாக வழிந்து, கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். கால்வாய் இருந்த இடத்தில் இன்று எது இருக்கிறதோ அதன் வழியாகவும் போகும். ஆகவே இங்கே கூடாரத்துக்குள் நீர் வருவது மேலிருந்து அன்று, பக்கவாட்டிலும் கீழிருந்தும். மூன்று மீட்டர் நீரை வெளியே நிறுத்தவல்ல அதே துணி, உள்ளே வந்துவிட்ட நீரையும் வெளியே விடாமல் நிறுத்தி வைக்கும் என்பதைப் பெட்டியின் மேல் எவரும் அச்சிடுவதில்லை.

காற்றைப் பொறுத்தவரை கூடாரவாசிகளிடையே ஒரு நுட்பமான கோட்பாடு நிலவுகிறது. வட அரைக்கோளத்தில் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வதால், கிழக்கே கடலிலிருந்து கரையை நோக்கி வரும் புயலுக்கு முன்னால் உள்ள இடங்களில் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசும். மையம் தலைக்கு மேலாகக் கடந்து மேற்கே போன பின் அதே இடத்தில் தெற்கிலிருந்து வீசும். பொத்தேரியிலிருந்து வண்டலூர், கண்டிகை, மாம்பாக்கம், கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்தை அடைந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பி மாமல்லபுரத்துக்குச் செல்லும் பாதை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதன் பின்பாதி தெற்கு நோக்கியது. எனவே புயலுக்கு முன்னால் புறப்படுபவரை வடகாற்று முதுகில் கைவைத்து மாமல்லபுரம்வரை தள்ளிக்கொண்டு போகும், புயல் கடந்தபின் திரும்புபவரைத் தென்காற்று அவ்வாறே கோவளம்வரை கொண்டுவந்து சேர்க்கும், காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதால் இதனால் மிச்சமாகும் உழைப்பு அளவிடற்கரியது என்பது அக்கோட்பாடு. போவதற்கும் வருவதற்கும் இடைப்பட்ட அந்த ஒரே ஓர் இரவைப் பற்றி மட்டும் கோட்பாடு ஒன்றும் சொல்வதில்லை. 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே, மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கரையைக் கடந்தது. அவ்விரவில் கடலோரத்தில் கூடாரம் வைத்திருப்பவருக்கு, காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்பதைவிடக் கூடாரம் எத்திசையில் போகிறது என்பதே அறிவியல் ஆர்வத்துக்குரிய வினாவாக இருந்திருக்கும். கடற்கரை மணலில் முளைகள் நில்லா என்பதால், பைகளில் மணலை நிரப்பிப் புதைத்து அவற்றில் கயிறு கட்ட வேண்டும். சவுக்குத் தோப்பில் கட்டலாமே எனில், புயலில் சவுக்கே முறிந்து விழக்கூடும்.

உடைக்கு வருவோம். கோர்-டெக்ஸ் என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்பட்ட மழையங்கித் துணிக்கு 1969இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட ஒரு செய்ம்முறையே அடிப்படை. இழுத்து விரிக்கப்பட்ட அம்மெல்லிய படலத்தின் துளைகள் மழைத்துளி உள்ளே புகமுடியாத அளவுக்குச் சிறியவை, வியர்வை ஆவி வெளியேறப் போதுமான அளவுக்குப் பெரியவை. ஆவி வெளியேற வேண்டுமானால் வெளிக்காற்று உள்ளிருப்பதைவிட வறண்டதாக இருக்க வேண்டும் என்பது இயற்பியல். வடபுலத்துக் குளிர்காற்றில் இது நடக்கும். கார்த்திகை மாதத்துக் கேளம்பாக்கம் சாலையில், வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது, வியர்வை போக்கிடமின்றி அங்கிக்குள்ளேயே குடியிருந்துவிடும். பல ஆயிரம் ரூபாய் அங்கியை அணிந்தவர், வெளியே மழையில் நனையாமல் உள்ளே தம் சொந்த மழையில் நனைந்துகொண்டு மிதிப்பார்.

அவரைக் கடந்து செல்லும் பால்காரரின் உடை இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது. யூரியா மூட்டை வந்த வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கை எடுத்து, அடிப்பக்கத்து ஒரு மூலையை உட்புறமாக மடக்கி மற்றொரு மூலைக்குள் திணித்தால், தலையில் கூம்பாக நிற்கும் முக்காடும், முதுகில் இடுப்புவரை தொங்கும் போர்வையும் ஒருசேரக் கிடைக்கும். கொங்காணி எனப்படும் இதற்குப் பொத்தான் இல்லை, இழுவைப் பல் இல்லை, தையல் பிரிவதற்குத் தையலும் இல்லை. முன்பக்கம் முழுவதும் திறந்திருப்பதால் காற்றோட்டத்துக்குத் தனி ஏற்பாடும் தேவையில்லை. பால்காரர் கேரியரின் இருபக்கமும் கேன்களைத் தொங்கவிட்டு, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறுகையால் சாக்கின் விளிம்பையும் பிடித்தபடி, எவ்விதக் கோட்பாடுமின்றி எதிர்க்காற்றில் போய்க்கொண்டிருப்பார். இந்நிலப்பகுதியின் உண்மையான மழைக்கால மிதிவண்டி மரபு அவருடையதும், விடியற்காலையில் செய்தித்தாள் போடும் பையனுடையதுமே என்பதையும், அவர்கள் அதைப் பொழுதுபோக்கு என்று ஒருபோதும் எண்ணியதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

வாகனத்திலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. பழைய ஹெர்குலிஸ் வண்டிக்கு மட்கார்டு உண்டு. புதிய மலைமிதிவண்டிக்கு அழகு கருதி அது நீக்கப்பட்டிருப்பதால், பின்சக்கரம் வாரியடிக்கும் செம்மண் சேறு ஓட்டுபவரின் முதுகில் இடுப்பிலிருந்து பிடரிவரை நேர்க்கோடாக ஏறி, அவர் எங்கிருந்து வருகிறார் என்பதை மண்ணின் நிறத்தைக் கொண்டே சொல்லத்தக்க ஆவணமாகிவிடுகிறது. பஞ்சர் ஒட்டுபவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிப்பார். பருவமழைக் காலத்தில் சாலையே அத்தொட்டியாகிவிடுவதால், கூடாரவாசி வண்டியில் அமர்ந்தபடியே சக்கரத்தடியில் குமிழியைக் கண்டு தம் கதியை அறிந்துகொள்ளும் வசதி உண்டு. குமிழி டயரிலிருந்து வராமல் சாலையிலிருந்து வந்தால் அது பாதாளச் சாக்கடையின் மூடி திறந்திருக்கும் இடம். அங்கே விலகிச் செல்வது நலம்.

வனவிலங்குகள் இல்லாத வனவாசம் நிறைவுறாது என்பார்க்கு இப்பகுதி ஏமாற்றம் அளிப்பதில்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல்மழையின்போது, பொத்தேரிக்கு வெகுதொலைவில்லாத நெடுங்குன்றம் பக்கம் இரவில் முதலையொன்று சாலையை நிதானமாகக் கடந்து சென்ற காட்சி படம்பிடிக்கப்பட்டு ஊரெங்கும் பரவியது. அவ்வட்டாரத்து ஏரிகளில் முதலைகள் முன்பிருந்தே வாழ்கின்றன. அவற்றுக்கும் ஏரி எது, சாலை எது என்பதில் அன்று குழப்பம் நேர்ந்தது என்பதே செய்தி. பாம்புகளின் நிலை வேறு. வெள்ளத்தில் வளை மூழ்கினால் அவை உலர்ந்த மேட்டைத் தேடிச் செல்லும். ஊரிலேயே உலர்ந்த மேடு இதுதான் என்று கூடாரவாசி எவ்விடத்தைத் தேர்ந்தாரோ, அதே இடத்தை அதே காரணத்துக்காக அவையும் தேர்ந்தெடுக்கும். இம்முடிவை இருவரும் தனித்தனியே எட்டுவது இருவரின் அறிவுக்கும் சான்று.

இவை யாவும் தாங்கக்கூடிய இடையூறுகள். கூடாரவாசியால் தாங்கவே முடியாத இடையூறு ஒன்று உண்டு. அது மக்களின் அன்பு. நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணத்துக்குப் பிரான்சில் வகுக்கப்பட்ட ‘பிரெவே’ முறையில், 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் கடக்க வேண்டும், உதவி வாகனம் பின்தொடரக் கூடாது, செல்பவர் தம்மையே சார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. அத்தற்சார்பைப் பட்டிப்புலத்துக்கும் சாளுவன்குப்பத்துக்கும் இடையே காப்பது கடினம். தோப்போரத்தில் கூடாரத்தின் முதல் கம்பியை ஊன்றுவதற்குள் ஒரு நாயும் இரண்டு சிறுவர்களும் வந்துவிடுவார்கள், இரண்டாம் கம்பிக்குள் மீன்கூடையோடு போகும் மூதாட்டி நின்று, “ஏம்பா, ஊட்ல எதுனா சண்ட போட்டுகினு வந்துட்டியா?” என்று கேட்பார். இல்லை ஆயா, சும்மாதான் வந்தேன் என்ற விடையை அவர் நம்பமாட்டார். சும்மா எவரும் புயலில் வந்து படுக்கமாட்டார் என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் கடலோரத்தில் இருந்து அறிந்தவர் அவர். சிறிது நேரத்தில் படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிட்டு வரும் மீனவர்கள், “தம்பி, கடல் ஏறுது, எழுந்து வா” என்று கூறி, பதிலுக்குக் காத்திராமல் மூட்டையைத் தூக்கிக்கொள்வார்கள். தாழ்வான பகுதி மக்கள் பள்ளிக்கூடங்களுக்கும் திருமண மண்டபங்களுக்கும் செல்லுமாறு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும்போது, அப்பட்டியலில் கூடாரவாசியும் ஒருவராகச் சேர்க்கப்பட்டு, ஐந்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் கரும்பலகைக்குக் கீழே, உணவுப் பொட்டலம் ஒன்றும் பாய் ஒன்றும் வழங்கப்பட்டு அமர்த்தப்படுவார். தனிமையை நாடி 50 கிலோமீட்டர் மிதித்தவர் அவ்விரவை அறுபது பேரோடு கழிப்பார். அவர் கொண்டுவந்த கூடாரம் குழந்தைகள் உள்ளே புகுந்து விளையாட வகுப்பறையில் விரிக்கப்பட்டு, தரம் அச்சிட்டபடியே ஒரு துளியும் ஒழுகாமல் இருக்கும்.

இம்மாவட்டத்தில் புயல்மழையில் கூடாரமிட்டுத் தங்கியவர்களுள் புகழ்பெற்ற முன்னோடி, 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டராக இங்கே இருந்த லயோனல் பிளேஸ் என்பவர். ஆண்டுதோறும் உடைந்துகொண்டிருந்த மதுராந்தகம் ஏரிக்கரையைச் செப்பனிட்டுவிட்டு, அது இம்முறை நிற்குமா என்று பார்க்க அவர் மழைக்காலத்தில் அங்கேயே வந்து தங்கினார் என்றும், கரை உடையப் போகிறது என்று அஞ்சி நள்ளிரவில் பார்க்கச் சென்றபோது வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்கக் கண்டார் என்றும், அதனாலேயே அவ்வூர்க் கோயிலின் இறைவர் ஏரிகாத்த ராமர் எனப்பட்டார் என்றும் தலக்கதை கூறும். வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிக்கு வரும் பறவைகளைக் காக்கும் உரிமையை உறுதிசெய்து பட்டயம் அளித்தவரும் அவரே. அப்பறவைகளில் ஒரு பகுதி ஆசியாவின் வடபுலத்துச் சதுப்புகளில் இலையுதிர்காலம் தொடங்கியதும் அங்கே இருப்பது அறிவுடைமை அன்று என்று முடிவுசெய்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து செங்கல்பட்டுக்கு வருபவை. வடபுலத்து மனிதர் எதைத் தேடி மிதிவண்டியில் போகிறார்களோ அதிலிருந்து தப்பி ஓடிவரும் அவை, இங்கே வந்தும் தரையில் தங்குவதில்லை. நீருக்கு நடுவே நிற்கும் கடம்ப மரங்களைத் தம் உள்ளூர் உறவினர்களுக்கு விட்டுவிட்டு, பெரும்பாலானவை நீரிலேயே தங்கிவிடுகின்றன. முளையோ கயிறோ இல்லாத இம்முறையில் வெள்ளம் வந்தால் உயரும் வசதியும் அடங்கியிருக்கிறது.

கூடாரவாசத்தின் கோட்பாட்டை முழுமையாக விளக்கும் சான்று மாமல்லபுரத்திலேயே இருக்கிறது. அங்குள்ள கிருஷ்ண மண்டபத்தில், இந்திரன் சினந்து பெய்வித்த பெருமழையிலிருந்து ஆயர்களையும் ஆநிரைகளையும் காக்கக் கண்ணன் கோவர்த்தன மலையை ஒரு கையால் தாங்கி நிற்கும் காட்சி, பல்லவர் காலத்தில் பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரே கம்பத்தில் நிற்பதும், நீர்த்தம்ப அளவு வரம்பற்றதுமான இக்கூடாரத்தின் கீழ் எவரும் அஞ்சி ஒடுங்கியிருக்கவில்லை. ஒருவர் மாட்டைக் கறந்துகொண்டிருக்கிறார், பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது, ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. திறந்தவெளியில் இருந்த இச்சிற்பத்தின் மேல் பல நூற்றாண்டுகளுக்குப் பின் விசயநகரர் காலத்தில் தூண்களோடு கூடிய மண்டபம் ஒன்று எழுப்பப்பட்டது. மழைக்கு மலையைக் குடையாகப் பிடித்த கடவுளுக்கே இக்கடற்கரையின் பருவமழையில் மேலே ஒரு கூரை தேவை என்று அவர்கள் கண்டிருக்கிறார்கள். நைலான் துணியை நம்பி வருபவர் சிந்திக்க வேண்டிய கட்டடக் கலை உண்மை இது.

இவ்வளவும் அறிந்தபின், கூடாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாமே என்று எவரேனும் கேட்கக்கூடும். அது பிழையான முடிவு. மழையில் வெறுங்கையோடு மிதிவண்டியில் வருபவரை யாரும் ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. அவர் எங்கேயோ வேலைக்குப் போகிறார், நனைந்தாலும் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று டீக்கடைக்காரர் முதல் காவலர் வரை எல்லோரும் எண்ணிக்கொள்வார்கள். கூடாரத்தை விரித்து, அதன் ஒரு முனை காற்றில் படபடக்க மறுமுனையின் மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தால்தான், இவருக்குப் போக்கிடம் இல்லை என்பது காண்பவருக்கு ஐயமற விளங்கி, ஒரு திண்ணையும் சூடான குழம்பும் உலர்ந்த லுங்கியும் ஏற்பாடாகின்றன. ஆதலால் பொத்தேரியிலிருந்து புறப்படும் மழைக்காலக் கூடாரவாசிக்குக் கூடாரம் இன்றியமையாத கருவியே. தேர்ந்தெடுக்கும்போது மட்டும், மிக உறுதியானதைத் தவிர்த்து, கண்ட மாத்திரத்தில் எவருக்கும் இரக்கம் பிறக்கக்கூடிய ஒன்றாகப் பார்த்து வாங்குவது நன்று.